நெருப்பு படாத கேக்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் சிறுவர்களாக இருந்தபோது கேக் என்பது வீட்டில் செய்கிற பண்டம் அல்ல. அது பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அட்டைப் பெட்டியில், நூல் கட்டி, வாசம் மட்டும் வெளியே கசிய வீட்டுக்கு வந்தது. இன்று வேப்பம்பட்டில் என் எதிர்வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், காப்பிக் கோப்பையில் மாவைக் கலந்து மைக்ரோவேவில் வைக்கிறாள். அது சுற்றி முடிப்பதற்குள் போனில் இரண்டு பேருக்குப் பதில் அனுப்பிவிடுகிறாள். போன வாரம் எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தாள். மேற்பரப்பு வெளுத்து, ஈரமாக இருந்தது. "வெந்துருக்கு ஆன்ட்டி, பயப்படாம சாப்பிடுங்க," என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். மைக்ரோவேவ் கேக் வெளுப்பாகத்தான் வரும். அதைச் சிவக்க வைக்க முயன்ற ஒரு கோடைகாலம் எனக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஒரு ரோலிங் மில்லின் குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி. காய்ந்த துணியை எடுக்கும்போது முதலில் உதறுவோம். துருத்தூள் செம்பழுப்பாகப் பறக்கும். மில்லில் இரும்பு உருக்கும் மின்சார ஃபர்னஸைப் போட்டதும் எங்கள் வீட்டு பல்பு மஞ்சளாகும், ஃபேன் தளரும். "ஃபர்னஸ் போட்டுட்டான்," என்று வீட்டு வரிசை முழுக்கக் குரல் கேட்கும். மழை வருவதைச் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு வேலை நிரந்தரமான பிறகு அந்த வீடு கிடைத்தது. அவருடைய அப்பா காலம் வரை எங்கள் ஆட்கள் பிறர் வயலில் நடவு நட்டவர்கள். ஷூ போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதற்கும் அதே ஷூ.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அது ஃபோர்மேன் வீடு. அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்றும், அம்மா அக்கா என்றும் கூப்பிட்டோம். அவர்கள் மகள் என் வகுப்பு, என் தோழி. நாங்கள் குடிவந்த அன்று ஆன்ட்டி ஒரு குடம் தண்ணீரோடு வந்து விசாரித்தார்.

"எந்தூரும்மா உங்களுக்கு?"

அம்மா ஊர் பெயரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதாங்க்கா."

"ஓ," என்றார் ஆன்ட்டி. அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பேச்சு எடுக்கப்படவே இல்லை.

ஆன்ட்டி நல்லவர். இதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கு டைஃபாய்டு வந்தபோது என் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவர் அவர். அப்பாவின் விரல் மில்லில் நசுங்கியபோது அம்மாவைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஆனால் ஒரு விதி இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து அங்கே வாழைப்பழம் போகலாம். தேங்காய் போகலாம். பிரிக்காத பிஸ்கெட் பாக்கெட் போகலாம். எங்கள் அடுப்பில் ஏறி இறங்கியது போகக் கூடாது. அங்கிருந்து இங்கே எதுவும் வரலாம். தீபாவளிக்கு அதிரசம் வந்தது, ஆடியில் கூழ் வந்தது, சாதாரண நாளில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு வந்தது.

முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல இருந்து பார்த்தாள். அச்சுமுறுக்கு சுட்டு, புதுத் தட்டில் அடுக்கி எடுத்துப்போனாள். "ஐயோ, எதுக்கும்மா இவ்ளோ," என்று ஆன்ட்டி சிரித்துக்கொண்டே வாங்கினார். மறுநாள் காலை நானும் அம்மாவும் பால் வாங்கப் போனோம். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் வளர்த்த நாய் அச்சுமுறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தது. பூ வடிவம் கலையாத முறுக்குகள். அம்மா சற்று நின்றாள்.

"நாய்க்கும் கிறிஸ்மஸ்தான்," என்றாள். பால் வாங்கப் போனோம்.

மைக்ரோவேவ் எங்களுக்கு வந்தது ஒரு தற்செயல். மில்லில் பாதுகாப்பு வார விழா நடந்தது. முடிவில் குலுக்கல். ஆபீஸ்காரர்களின் சீட்டையும் தொழிலாளர்களின் சீட்டையும் ஒரே டிரம்மில் போட்டுவிட்டார்கள். அதுதான் பிசகு என்று பிறகு ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். முதல் பரிசு அப்பாவுக்கு விழுந்தது. ஃபோர்மேனுக்கு இஸ்திரிப் பெட்டி. "நீ இரும்பத் தேய்க்கிற ஆளு, உனக்கு இத்தக் குடுத்திருக்கலாம், மாத்திக்கிறியா?" என்று ஃபோர்மேன் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டீயைச் சுட வைக்க எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைத்தார். படபடவென்று பொறி பறந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கூட வந்திருந்த புத்தகத்தை நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். உலோகம் உள்ளே போகக் கூடாது. இரும்பு மில் கொடுத்த பெட்டிக்குள் இரும்பு போகாது. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வர். மிச்சமிருந்தது பெட்டியோடு வந்த ஒரு கனமான கண்ணாடிக் கிண்ணம்.

அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்பு இருந்தது. எளிய பழ கேக் என்பதற்குப் படம் வேறு போட்டிருந்தார்கள். அம்மா அந்தப் படத்தைச் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்குப் போனாள்.

உலர்திராட்சையையும், சிவப்பும் பச்சையுமான டூட்டி ஃப்ரூட்டியையும், உடைத்த முந்திரியையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாள். டால்டாவையும் சர்க்கரையையும் கையாலேயே குழைத்தாள். அது வெளுத்து நுரைக்கும்வரை விடவில்லை. முட்டையை உடைத்து ஊற்றினாள். மைதாவில் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்தாள். பழங்கள் அடியில் போய்த் தங்காமலிருக்க மைதாவில் புரட்டிப் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததை நான் படிக்க, "அது எனக்கே தெரியும், வடைக்கு வெங்காயம் போடற மாதிரிதான்," என்றாள். எனக்கு இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றும் தெரியாது. ஃபர்னஸ் அணைந்து பல்பு வெளுக்கும்வரை காத்திருந்து ஸ்விட்சைப் போட்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிண்ணம் மெதுவாகச் சுற்றியது. மாவு மேலெழுந்து குமிழ்விட்டது. வீடெங்கும் ஆரஞ்சும் வெனிலாவும் டால்டாவும் கலந்த வாசம். அதுவரை பேக்கரி வாசலில் மட்டும் நான் முகர்ந்தது.

கவிழ்த்தபோது தட்டில் ஒரு வெள்ளைக் குன்று நின்றது.

"இன்னா இது, பெரிய இட்லியா?" என்றார் அப்பா. ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் ஆன்ட்டி வந்தார். வாசம் சுவர் தாண்டிப் போயிருந்தது. எங்கள் சமையலறைக்குள் அவர் வந்தது அதுவே முதல்முறை. இரண்டாவது கிண்ண மாவு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடே இல்லியே. நெருப்பு எங்க எரியுது?"

"நெருப்பு இல்லக்கா. கரண்டுதான்."

"கேஸு?"

"கேஸும் இல்ல. லைட்டு மாதிரி ஒண்ணு போவுதாம், அதுலயே வெந்துடுதாம்."

ஆன்ட்டி நிமிர்ந்தார். கேக்கைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடி, விடை கிடைத்தது தெரிந்தது. "நெருப்பே படாததுக்கு இன்னா இருக்குது? பழம் மாதிரிதானே," என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

அம்மா அசையாமல் நின்றாள். கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி மென்று விழுங்கி, "ஏ, சூப்பரா கீதும்மா!" என்ற பிறகுதான் அவள் மூச்சுவிட்டதைப் பார்த்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார். "அப்ப தீட்டு உன் கையில இல்ல, அடுப்புலதான் கீதா?"

"நீ இன்னா, எல்லாத்தையும் நோண்டிக்கினு? சாப்ட்டாங்க. அவ்ளோதான்."

"சாப்ட்டது அவங்க. வயிறு ரொம்புனது உனக்கு."

எனக்கு அப்போது அப்பா ஒரு நல்ல நாளைக் கெடுப்பவராகத் தெரிந்தார். நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். எல்லார் வீட்டிலும் நெருப்பு போய் கரண்ட் வந்துவிட்டால் விதியும் போய்விடும் என்று நம்பினேன். இப்போது என் சமையலறையில் இன்டக்ஷன் அடுப்புதான். அந்த நம்பிக்கையைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

அந்தக் கோடை முழுக்க அம்மா கேக் செய்தாள். ஆன்ட்டி வந்து எங்கள் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்காருவார். கிண்ணம் சுற்றுவதை இருவரும் டி.வி. பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஃபோர்மேன் குறட்டை விடுவதைப் பற்றி, சபையில் பாஸ்டர் நீட்டி முழக்குவதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். நடுவில் ஃபர்னஸைப் போட்டுவிட்டால் பெட்டி முனகும், கேக் பாதியில் அமுங்கும். "போச்சு. எல்லாம் உங்க ஊட்டுக்காரரு வேல," என்பாள் அம்மா. "அந்த ஆளு நமக்குப் பேஜாரு குடுக்கறதுக்கே பொறந்தது," என்பார் ஆன்ட்டி. அமுங்கிய கேக்கையும் தின்பார்கள். ஆன்ட்டி எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். தண்ணீருக்கு நெருப்பு தேவையில்லை என்பதும் தோன்றியது. ஏனோ யாரிடமும் கேட்கவில்லை.

பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு என் தோழிக்குப் பிறந்தநாள். ஆன்ட்டி வந்து, இந்தமுறை பேக்கரி வேண்டாம், நீயே செய் என்றார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆனா ஒண்ணு. பள்ளிப்பட்டுலேர்ந்து எங்க அண்ணி வர்றாங்க. வெள்ளையா இருந்தா வேகலைன்னுவாங்க. கடை கேக்கு மாதிரி செவப்பா வரணும். வருமா?"

"வரும்க்கா."

எப்படி வரும் என்று ஆன்ட்டி கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அண்ணி என்றது ஃபோர்மேனின் அக்காவை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்று வரிசைக்கே தெரியும்.

சபையில் ஒரு பெண்ணிடம் அம்மா வழி கேட்டுவந்தாள். இரும்புச் சட்டியில் வெறும் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் வைத்தாள். சர்க்கரை முதலில் ஓரத்தில் உருகியது, பொன்னிறமானது, பிறகு தேன் நிறம், பிறகு செம்மண். "இப்பத்தான் பாக்கணும். கண்ணை எடுத்தா கசந்துடும்," என்றாள். கறுக்கப்போகிற கணத்தில் சுடுதண்ணீரை ஊற்றினாள். சட்டி சீறியது, ஆவி முகத்தில் அடித்தது. முதல் இரண்டு முறை கசந்து போனது, கொட்டினாள். மூன்றாவது பாகை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு என் நாக்கிலும் வைத்தாள். இனிப்புக்குப் பின்னால் மிக லேசாக ஒரு கசப்பு. அதுதான் பேக்கரி ருசி என்று அன்று தெரிந்தது.

ஃபோர்மேன் அன்று மாலை ஃபர்னஸ் போடும் நேரத்தைத் தள்ளிவைத்தார் என்று அப்பா சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு கேக்குக்காக மில் காத்திருந்தது அந்த ஒருமுறைதான்.

கேக் நல்ல பழுப்பு நிறத்தில், பழங்கள் சீராகத் தெரிய, ஆன்ட்டி வீட்டு மேசையில் இருந்தது. வரிசை வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பலூன்கள், காகிதத் தொப்பிகள். அப்பா வாசலை ஒட்டி நின்றார். என் தோழி வெட்டினாள், பாடினோம், ஆன்ட்டி துண்டு போட்டு எல்லார் கையிலும் கொடுத்தார். குழந்தைகள் உடனே தின்றுவிட்டோம். பெரியவர்கள் மரியாதைக்குக் காத்திருந்தார்கள், அண்ணி முதலில் வாயில் வைக்கட்டும் என்று.

அண்ணி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதான் அந்தக் கரண்டுப் பொட்டியில செஞ்சதா? போன மாசம் நீ சொன்னது வெள்ளையா இருக்கும்னு. இது எப்டி இந்தக் கலரு வந்துச்சி?"

கேள்வி ஆன்ட்டியிடம் கேட்கப்பட்டது. பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அவளை யாரும் ஒரு சமையல் பற்றி அதுவரை நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டதில்லை.

"அது ஒண்ணும் இல்லீங்க. சக்கரையைச் சட்டியில போட்டு அடுப்புல வச்சி, கருகப்போற நேரத்துல தண்ணி ஊத்தணும். பாகு நல்லா கறுப்பா வரும். அத்த மாவுல கலந்தா..."

"எந்த அடுப்புல?" என்றார் அண்ணி.

அறையில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் கேள்வி புரிந்தது. கையில் இருந்த துண்டுகள் கையிலேயே இருந்தன. எதிர்வீட்டுக்காரர் துண்டை மெதுவாக ஜன்னலோரம் வைக்கப்போனார். எங்களுக்கும் அது புரிந்ததுதான். என் தோழி கிரீம் ஒட்டாத விரல்களைச் சும்மா நக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

ஆன்ட்டி சிரித்தார். உரக்கச் சிரித்தார். "அய்யே, அது எப்டி செய்யறதுன்னு சொல்றா அண்ணி. இது பாட்டில்ல வர்ற சிரப்பு. கடையில ரெடிமேடா விக்குது. வாங்கி ஊத்துனதுதான்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "இல்லம்மா? பாட்டிலுதானே?"

அம்மா ஆன்ட்டியைப் பார்த்தாள். காகிதத் தொப்பியோடு நின்ற என் தோழியைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்க்கவில்லை. அங்கே அப்பா நின்றிருந்தார்.

"ஆமாங்க," என்றாள். "பாட்டிலுதான்."

"அதான பாத்தேன்," என்று அண்ணி கடித்தார். "கடைச் சரக்குன்னாதான் இந்த வாசன வரும். ஊட்ல காச்சுனா வராது."

எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒரு துணுக்கு மிச்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் துண்டு கேட்டார். "உன் சம்சாரம் பேக்கரி வைக்கலாம்யா," என்று ஃபோர்மேன் அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவின் துண்டு அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் அதை எனக்குக் கொடுத்தார். நான் தின்றேன். நன்றாக இருந்தது. அன்று அம்மா ஜெயித்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. அத்தனை பேரும் அவள் செய்ததைத் தின்றார்களே.

வீட்டில் அம்மா இரும்புச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். பாகு அடியில் கல்லாக இறுகியிருந்தது. அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த பாட்டிலு எங்க விக்குதுன்னு சொல்லு. நானும் ஒண்ணு வாங்கியாறேன்."

அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன். எந்தக் கடையில?"

"அந்தப் பொண்ணுக்குப் பொறந்தநாளு. அதுங்க எதிர்ல கேக்கத் தூக்கிப் போடணும்ன்றியா?"

அப்பா திரும்பி முன்னறைக்குப் போனார். அவள் அந்த வீட்டாரின் அங்கீகாரத்துக்கு ஏங்குகிறாள் என்று அவர் கடைசிவரை நினைத்தார். அது தப்புக்கணக்கு என்று இப்போது தோன்றுகிறது. அவளுக்கு அங்கீகாரம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கைப்பண்டத்தைத் தின்கிற ஒரு சிநேகிதி வேண்டியிருந்தது. கிடைத்தும்விட்டது என்று சில வாரங்கள் நம்பினாள். இரண்டும் வேறு வேறு என்பது அப்பாவுக்குப் புரியவில்லை. ஆன்ட்டிக்கும் புரியவில்லை.

மறுநாள், ஆண்கள் ஷிஃப்டுக்குப் போன பிறகு ஆன்ட்டி வந்தார். கேக் வைத்து அனுப்பிய தட்டைத் துலக்கி, அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

"நேத்து நல்ல வேள, டக்குனு புரிஞ்சிக்கினே. அண்ணி வாயி இருக்குதே, பள்ளிப்பட்டு வரைக்கும் தமுக்கு அடிச்சிருக்கும். உன்ன ஒரு வார்த்த சொல்ல உட்ருவனா நானு?"

"தெரியும்க்கா."

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒரு வழி கீது." ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "அந்தப் பாகு மட்டும் நான் எங்க ஊட்ல காச்சிக் குடுத்துடறேன். எப்டின்னு சொல்லிக் குடு. மாவு, முட்ட, பழம் எல்லாம் நீயே கலக்கு. பொட்டியிலயும் நீயே வையி. அப்ப யாரு கேட்டாலும் பொய் சொல்ற வேலையே இல்ல பாரு."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பாகு காச்சத் தெரியும்க்கா," என்றாள்.

"ஐய, உனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னது? நீ காச்சுனா பேக்கரிக்காரன் தோத்துடுவான். அதுக்கில்லம்மா..."

"வேற எதுக்குக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. மாவுக்கு எத்தனை முட்டை என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளேயும் போகவில்லை. தட்டைப் பிடித்தபடி, ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காக நின்றாள். அந்த ஒரு சொல்லை அவர்கள் இருவரும் ஒருமுறைகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.